வெள்ளெழுத்து

தமிழிலே ‘வெள்ளெழுத்து’ என்றொரு சொல் உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அண்மையிலுள்ள எழுத்துக்கள் மங்கித் தோன்றும் நிலையை அது குறிக்கும். கறுத்த மையில் அச்சிட்ட எழுத்து வெளுத்துப் போகிறது. தாளோடு தாளாகக் கரைந்துவிடுகிறது. ஆகையால் அது வெள்ளெழுத்து. தமிழ்நாட்டிலே இதனைச் ‘சாளேசுவரம்’ என்றும் சொல்லுவர். ஏதோ ஈசுவரன் கோயில் கொண்ட தலத்தின் பெயர்போல ஒலித்தாலும், அது நாற்பது என்ற எண்ணைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. மராட்டியர் இன்றும் வாசிப்புக் கண்ணாடியை ‘சாளிசி’, அதாவது நாற்பது வயது, என்றே அழைக்கின்றனர். நாற்பது பிறந்தால் கண்ணாடி. பெயரிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

ஒரு சொல் வயதைக் காட்டுகிறது. மற்றது எழுத்தைக் காட்டுகிறது. வெள்ளெழுத்து என்ற அழகான சொல்லைப் படைத்தவர் ஏடும் எழுத்தாணியுமாய் இருந்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும். தம் கண்முன் வெளுத்தது எழுத்து என்பதனால் எழுத்தின் பெயரால் அக்குறையை அழைத்தார். எங்கள் கரையிலே அச்சொல் பிறந்திருந்தால் அதற்கு வேறு பெயர் வாய்த்திருக்கும்.

கற்பிட்டித் தீபகற்பம் ஒரு மணல் நாக்கு. மேற்கே கடல், கிழக்கே புத்தளக் களப்பு. மீன்வாடிகளிலே பூவரச மர நிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் அமர்ந்து வலை பொத்துகிறவர்களை எந்நேரமும் காணலாம். வலையின் துவாரத்துக்குத் தமிழில் ‘கண்’ என்றே பெயர். கண்ணை எண்ணி, அறுந்த கண்ணைக் கண்டு, ஊசியை ஓட்டி முடிச்சிடுவது அவர்கள் வேலை. முன்பு பருத்தி நூலால் வலை கட்டினார்கள். நூல் தடித்தது, பட்டைச் சாயத்தில் ஊறிக் கறுத்தது, குருடனும் தடவிப் பார்த்து முடிச்சிடலாம். பிறகு நைலோன் வந்தது. அதன் பின்னர் வந்தது தங்கூசி. சட்டம் தடைசெய்திருந்தும் கரையிலிருந்து அது மறையவில்லை. தண்ணீருக்குள் மீனுக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட நூல் அது. மீனின் கண்ணை ஏமாற்றும் அந்த நூல் 45 வயது மீனவனின் கண்ணையும் ஏமாற்றிவிடுகிறது.

கைத்திறன் குன்றவில்லை, உடலிலே வலு இருக்கிறது, அனுபவமோ உச்சத்தில் நிற்கிறது. ஆயினும் அறுந்த கண் எது, அறாத கண் எது என்று தெரியவில்லை. வலையைக் கையெட்டும் மட்டும் நீட்டிப் பார்க்கிறான். கை போதாதபோது, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகனைக் கூப்பிடுகிறான். இப்படிக் கூப்பிடப்பட்டு, பின்னர் மெல்ல மெல்லப் பள்ளிக்கு வராமற்போன பையன்கள் சிலரை எனது வகுப்புகளில் நான் அறிவேன். இடாப்பிலே ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டே போவோம். காரணம் எழுதும் இடத்தில் ‘தகப்பனுக்குக் கண்ணாடியில்லை’ என்று எந்த ஆசிரியரும் எழுதியதில்லை.

நிற்க, இந்தக் குறை எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள்ளே ஒரு வில்லை இருக்கிறது. இளமையில் அது நெகிழ்ச்சியுடையது. அண்மையிலுள்ளதைப் பார்க்கும்போது அதனைச் சுற்றியுள்ள தசை சுருங்க, வில்லை தடித்து உருண்டு, ஒளியைக் கூடுதலாக வளைத்துத் தருகிறது. ஆண்டுக்காண்டு அவ்வில்லை இறுகிக்கொண்டே போகிறது. 40 வயதளவில் அந்த இறுக்கம் நம் கைக்குள் இருக்கும் புத்தகத்தை எட்டிவிடுகிறது. இது நோயன்று, நரை போன்றது. அரசனுக்கும் வரும், ஆண்டிக்கும் வரும். ஒல்லாந்து தேசத்துக் கண் வைத்தியரான டொன்டர்ஸ் என்பவர் 1864இல் வெளியிட்ட பெருநூலொன்றில் இதனை ஏனைய பார்வைக் குறைகளினின்றும் பிரித்துத் தெளிவாக விளக்கினார். ஆனால் மருந்து அதற்கு ஆறு நூற்றாண்டுகள் முன்னரே கிடைத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

1306ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரத்தில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ என்னும் துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது வருஷங்கள்கூட ஆகவில்லை என்றும், அதைவிட உபயோகமான கலை உலகத்தில் அரிது என்றும் கூறியிருக்கிறார். கண்டுபிடித்தவன் யார் என்பது உறுதிப்படவில்லை. கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்ட அந்தத் தொழிலாளியின் பெயர் நிற்கவில்லை. அதைப் புகழ்ந்த பிரசங்கியின் பெயர் நின்றது. சரித்திரத்தின் வழக்கமே அதுதானே. அந்தத் தொழிலாளிக்கும் முன்னே, 11ஆம் நூற்றாண்டிலே, பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்றும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை என்றும் ஏழு பாகங்களில் நிறுவியிருந்தார். அந்த நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் உலவியது. 1344இல் எங்கள் புத்தளத்திலே வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராய்த் தங்கிய இப்னு பதூதா, தாம் சொல்லி எழுதுவித்த பயணக் கதையில் இவ்விடத்தை ‘பத்தாலா’ என்கிறார். அவர் வந்த காலத்தில் இத்தாலியிலே கண்ணாடி விற்பனைப் பண்டமாகிவிட்டது. இந்தக் கரைக்கு அறிவும் வந்தது, வணிகமும் வந்தது, கோட்டை கட்டிய ஒல்லாந்தரும் வந்தனர். கண்ணாடி மாத்திரம் இன்னும் முழுமையாய் வந்து சேரவில்லை.

படிப்பாளிகளுக்கும் இவ்வூர் பஞ்சப்பட்டதன்று. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் இடப்பெயர் அகராதியை 1834இல் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தை ‘தமிழ் புளூட்டாக்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதி 1859இல் அச்சிட்டபோது அவருக்கு வயது 52. அக்காலத்தில் புலவர் சரித்திரம் எழுதுவதென்றால் ஏட்டுச் சுவடியைப் படிக்கவேண்டும். ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால்தான் கீற்றுக்குள் மை நின்று எழுத்துத் துலங்கும். 50 வயதுக் கண்ணுக்கு அது எப்படிப்பட்ட உழைப்பு என்பதை இப்போது ஓரளவு நானும் உணருகிறேன்.

இந்த நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று பெருமை பேசுகிறோம், பெருமை நியாயமானதே. ஆனால் அந்தப் பெருமையின் ஆயுட்காலம் எத்தனை வருஷம் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து வயதில் அரிச்சுவடி தொடங்கி, பதினாறு வயதுவரை அரசாங்கம் சோறூட்டிச் சட்டை தைத்துக் கொடுத்துக் கற்பித்த எழுத்தை, 45 வயதில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு இல்லாத குறையால் ஒருவன் இழந்துவிடுகிறான். இழந்ததை அவன் வெளியிற் சொல்வதுமில்லை. மருந்துச் சுட்டியைப் படிக்க அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போகிறான். வங்கியில் படிவத்தை நீட்டினால், ‘நீங்களே எழுதுங்கோ’ என்கிறான். படிக்காதவன் என்று எண்ணிக்கொள்ளட்டும், பார்வை போயிற்று என்று சொல்லாதிருந்தாற் போதும் என்பது அவன் எண்ணம்.

இது வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. கரைவலைத் தொழிலில் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்குவது பழைய வழக்கம். பிடித்த மீனின் கணக்கு, கழித்த கணக்கு, வாங்கிய கடன், வட்டி எல்லாம் ஒரு கொப்பியிலே இருக்கும். அந்தக் கொப்பியில் எழுத்துச் சிறியது; பென்சிலாற் குறித்தது; வெளிச்சம் இல்லாத கொட்டிலில் நீட்டப்படுவது. நன்றாகப் படித்த ஒரு தொழிலாளி, எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து கணக்கில் என்னை முந்தியவன், ஒருநாள் என்னிடம் சொன்னான்: “கணக்கு எனக்குத் தெரியும் மாஸ்டர். இலக்கந்தான் தெரியுதில்ல.” அந்தக் கொப்பியில் கையெழுத்து இடுமுன் அதைப் படிக்கும் உரிமைக்காக எத்தனை கூட்டங்களில் நாங்கள் பேசியிருக்கிறோம்! படிக்கும் உரிமையைச் சம்மாட்டி மறுக்கவில்லை. தாராளமாகத் திறந்து காட்டுகிறான். மாதத் தவணைக்குக் கடன் கொடுக்க வீடு வீடாக வரும் கம்பனிக்காரரின் பத்திரமும் அப்படித்தான். பெரிய எழுத்தில் அன்பு. சிறிய எழுத்தில் வட்டி.

ஆகவே, தமக்கேற்ற வாசிப்புக் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்ற கேள்வி, நாகரிகப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்துக்குரிய விஷயம் என்று நான் கருதவில்லை. நமது ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்து நாலு பேருக்குச் சொல்லவேண்டிய விஷயம் அது.

முதலில் எண். கடைக்காரர் ‘பவர்’ என்று சொல்வது வில்லையின் வலுவை. டயொப்டர் என்ற அளவில் அது 1, 1.25, 1.50 என்று காற்காலாக ஏறி 3, 3.50 வரை போகும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது வெகு எளிய வகுத்தல் கணக்கு. ஒரு மீற்றரைப் பார்க்கும் தூரத்தால் வகுத்தால் வலு வரும். 50 சென்ரி மீற்றர் தூரத்திலுள்ளதைப் பார்க்க 2 வேண்டும்; 40 சென்ரி மீற்றருக்கு 2.50, 33 சென்ரி மீற்றருக்கு 3. இது கண் முற்றாகத் தன் சக்தியை இழந்த முதியவருக்கான கணக்கு. 45 வயதுக்காரரின் கண்ணில் இன்னும் கொஞ்சம் சொந்தச் சக்தி மிஞ்சியிருக்கும். ஆகையால் அவருக்குக் கண்ணாடி 1 அல்லது 1.25 கொடுத்தாற் போதும், மீதியைக் கண் தானே பார்த்துக்கொள்ளும். 50இல் ஏறத்தாழ 1.50 முதல் 2 வரை, 60இல் 2.50 அளவில் என்பது பொதுவான போக்கு.

இங்கேதான் தவறு நிகழ்கிறது. சந்தையிலே பாயில் பரப்பி விற்பவர் ‘வயசென்ன?’ என்று கேட்டு எண்ணைக் கொடுக்கிறார். வயது பாதி விடைதான். மற்றப் பாதி, என்ன வேலை செய்கிறீர் என்பது. வலை பொத்துபவர் வலையைக் காற்பெருவிரலில் மாட்டி, கையை நீட்டி 50, 60 சென்ரி மீற்றர் தூரத்தில் வேலை செய்கிறார். றைஹாலில் குர்ஆனை வைத்து ஓதும் பெரியவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரந்தான். தையல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் பெண்ணுக்குத் தூரம் குறைவு. அவளே ஊசியில் நூல் கோக்கும்போது இன்னும் குறைவு. பரீட்சைத் தாளைத் திருத்தும் ஆசிரியர் மேசையில் வைத்துத் திருத்துகிறாரா, மடியில் வைத்தா என்பதுகூட ஒரு விஷயம். ஒரே வயதுடைய நால்வருக்கு நான்கு எண்கள் பொருத்தமாகலாம். எனவே கண்ணாடி வாங்கப் போகிறவர் தம் வேலையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டு முழம் வலையும் ஊசியும், அல்லது ஒரு துண்டுத் துணி, அல்லது தாம் ஓதும் வேதப் புத்தகம். கடைக்காரர் நீட்டும் அச்சிட்ட அட்டையைப் படித்துக் காட்டுவதனால் அட்டை படிக்கத்தான் கண்ணாடி கிடைக்கும்.

தம் தூரத்தில் தெளிவாகக் காட்டும் எண்களில் மிகக் குறைந்தது எதுவோ, அதையே எடுக்கவேண்டும். கூடின எண் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி மயக்கும்; ஆனால் வேலையை மூக்கருகே இழுத்துவிடும். பின்பு முதுகு வளையும், கழுத்து நோகும். ‘நல்ல பவர்’ என்று 3 வாங்கிக்கொண்டு கூனிப்போன பாய் இழைக்கும் கிழவியை நான் கண்டிருக்கிறேன். கண்ணாடியைத் தூரப் பிடித்து, அதனூடே கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டு மெல்ல அசைத்துப் பார்ப்பதும் நல்லது. கோடு அலைபோல் நெளிந்தால் வில்லை மட்டமானது. கண்ணாடி அணிந்தாற் கண் கெட்டுப்போகும், பழகிவிடும் என்பது வெறும் பயம். அணிந்தாலும் அணியாவிட்டாலும் வில்லை இறுகும் வேகம் ஒன்றுதான். வாசிப்புக் கண்ணாடியோடு எழுந்து நடப்பதுதான் ஆபத்து. தூரம் கலங்கித் தெரியும். படகிலிருந்து இறங்குபவன் கால் தவறுவான்.

ஆயத்தமாக விற்கும் கண்ணாடி எல்லாருக்கும் போதுமா என்றால், போதாது. அதில் இரண்டு வில்லைகளும் ஒரே எண். இரு கண்களின் வலுவும் வேறுபட்டவருக்கும், எழுத்துக் கோணலாய்த் தெரிபவருக்கும் அளந்து செய்ததே வேண்டும். நீரிழிவு உள்ளவர் கண்ணை முதலிற் பரிசோதிக்கவேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓசையின்றிப் பார்வையைத் தின்னும் நோயைச் சந்தைக் கண்ணாடி காட்டித் தராது. இன்னொன்று: பல வருஷங்களாகக் கண்ணாடியில்லாமல் நூல் கோக்க முடியாத ஒரு மூதாட்டி, திடீரென்று ஒருநாள் ‘எனக்குக் கண் திரும்பிவிட்டது, கண்ணாடியே வேண்டாம்’ என்று சந்தோஷப்படுவதுண்டு. வீட்டாரும் நேர்த்தி பலித்தது என்பர். பெரும்பாலும் அது கண்புரையின் தொடக்கம். புரை வில்லையை அடர்த்தியாக்கி ஒளியைக் கூடுதலாக வளைக்கச் செய்வதால் சிறிது காலத்துக்கு அண்மைப் பார்வை கூடுகிறது. புத்தளத்திலும் சிலாபத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் உண்டு, பார்ப்பதற்குக் காசில்லை. கண்ணாடியைத்தான் பெரும்பாலும் வெளியே வாங்கவேண்டும். அன்றியும், கற்பிட்டி முனையிலிருந்து போய் வர ஒருநாள் தொழில் போகும். இலவசம் என்ற சொல்லுக்குள் பஸ் செலவும் நாட்கூலியும் ஒளிந்திருப்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

பிரேமைப் பற்றிப் புத்தகங்கள் முக வடிவத்தைச் சொல்லும்: வட்ட முகத்துக்குச் சதுரம், நீண்ட முகத்துக்கு அகலம் என்றெல்லாம். எங்கள் கரையில் முகத்துக்கு முன் உப்பு வந்து நிற்கிறது. மேற்குக் கடற்காற்றும் உப்பளக் காற்றும் சேர்ந்த இடத்தில் மலிவான உலோகப் பிரேம் நெடுநாள் தாங்காது. மூக்குப் பிடியில் பச்சைக் களிம்பு ஏறும். திருகாணி துருப்பிடித்து ஒருநாள் கையோடு வரும். உலோகந்தான் வேண்டுமென்றால் துருவாத எஃகைக் கேட்டு வாங்கவேண்டும். பிளாஸ்ரிக் இவ்விடத்துக்கு உகந்தது. ஆனால் வெயிலில் போட்டு வைத்தால் வெளிறி உடையும். வில்லையும் இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக்கே. பாரமில்லை, விழுந்தால் நொறுங்காது. ஆனால் மணலுக்குப் பகை. சாரத்து முனையால் துடைக்கும் பழக்கம் எங்களில் யாரையும் விட்டபாடில்லை. அந்த ஒரு துடைப்பில் உப்பும் மணலும் வில்லையில் கோடு கீறிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதே முறை. வலைத் தொழிலாளர் கண்ணாடிக் கைகளில் ஒரு நூலைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொள்கிறார்கள். நூல் அவர்களிடம் தாராளமாக உண்டு.

இனி, அழகைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னர் எங்கள் பகுதியில் ஒரு தரும ஸ்தாபனத்தார் கண் முகாம் ஒன்று வைத்தனர். பெயர் வேண்டாம், நல்ல நோக்கம் உடையவர்களே. நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. தடித்த கறுத்த பிரேம். ஆண், பெண், கிழவன், இளையவள் எல்லாருக்கும் அதுவே. வரிசையாய் நிறுத்திப் படமும் பிடித்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தால் அந்தக் கண்ணாடியை முகத்தில் வைத்திருந்தவர்கள் சிலரே. ஸ்தாபனத்தார் மனம் நொந்தனர். நம்மவர்களிலும் சிலர், இலவசமாய்க் கொடுத்ததன் அருமை சனங்களுக்குத் தெரியவில்லை என்றார்கள்.

எங்கள் அயலில் தையல் வேலை செய்யும் பெண்ணொருத்தி இருக்கிறாள். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுமியாகப் படகேறிக் கற்பிட்டியில் வந்திறங்கியவள். ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, தையல் பழகி, இயந்திரத்தை மிதித்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவள். அவளும் அந்த முகாமிற் கண்ணாடி வாங்கினாள். அதை அணியாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு தைத்து, தையல் கோணி, வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“அதப் போட்டா நிவாரணக்காரி எண்டு தூரத்திலயே தெரியும் சேர். எத்தின வருசம் அகதி அட்டையோட திரிஞ்ச நாங்க. இப்ப மூஞ்சியிலயும் ஒண்டக் கட்டணுமா?”

எனக்கு வாயடைத்துவிட்டது. கண்ணாடி முகத்தின் நடுவே நிற்கும் பொருள். செருப்பைப் போலக் காலடியில் கிடப்பதன்று. எதிரே வருபவன் முதலிற் பார்ப்பது அதைத்தான். அந்தப் பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமை இன்னொருவன் கையில் இருக்குமானால், அவள் முகத்தில் ஒரு முத்திரை குத்தும் உரிமையும் அவன் கைக்குப் போய்விடுகிறது. பின்னர் அவள் தன் காசில் ஒன்று வாங்கினாள். மண்ணிறம், மெல்லிய பிரேம். காதுக் கைகள் வளையாமல் நேராயிருப்பதைத் தேடி எடுத்தாள். தலையை மூடி அணியும் துணிக்குள் வளைந்த கை அழுத்திக் காதைப் புண்ணாக்கும் என்று சொன்னாள். முக்காடிடும் ஆயிரக்கணக்கான பெண்கள் வாழும் இந்தக் கரையில் முகாம் நடத்தியவர்களுக்கு அது தோன்றவேயில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

ஆண்களுக்கும் இந்தக் கூச்சம் இல்லாமலில்லை. உடப்புப் பக்கத்தில் கரைவலை இழுக்கும் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், அம்பாப் பாட்டெடுத்தால் கரையே பின்பாட்டுப் பாடும். அவர் கண்ணாடியை மடிக்குள் ஒளித்து வைத்திருந்தார். “கண்ணாடி போட்டா, கிளாக்கர் ஐயா வந்திட்டாரு எண்டு பொடியன்கள் சிரிக்கிறான்கள்” என்றார். மூக்குக்கண்ணாடி என்பது பேனை பிடிப்பவனுக்குரிய அணி, வலை பிடிப்பவனுக்கு அது பொருந்தாத வேஷம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாய்ப் பதிந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் படைத்தவர் எழுத்தை மாத்திரம் நினைத்தார் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அந்த நினைப்பின் நிழல்தான் இது.

நமது தோழர்கள் சிலருக்கு அழகு என்ற பேச்சே பிடிப்பதில்லை. பிரேமின் நிறமும் வடிவமும் பணக்காரரின் பொழுதுபோக்கு, ஏழைக்குப் பார்வை தெரிந்தாற் போதும் என்பார்கள். இதிலே ஏழையைப் பற்றிய ஒரு கேவலமான கருத்து ஒளிந்திருக்கிறது. கடலுக்குப் போகும் படகுக்கு நீலமும் சிவப்பும் தீட்டி, முகப்பில் பூ எழுதுகிறவன் அவன். நிறம் தீட்டாத படகும் மிதக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா?

உலகக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெள்ளெழுத்துக்குத் தகுந்த கண்ணாடியின்றித் தவிப்போர் 82 கோடியே 60 இலட்சம் பேர். 2018இல் வெளியான ஆய்வொன்று அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் செய்யப்பட்டது. கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நூற்றுக்கு 21.7 வீதம் கூடுதலான உற்பத்தி காட்டினர். 2024இல் வெளியான பங்களாதேச ஆய்வில் கண்ணாடி பெற்ற கைத்தொழிலாளர், கைவினைஞர் முதலியோரின் வருமானம் எட்டு மாதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்ந்தது. மலிவான கண்ணாடிக்கு இத்தனை பலன் என்று பலரும் வியந்தனர்.

நானும் வியந்தேன், ஆயினும் அசாம் கணக்கைப் படிக்கும்போது நமது மலைநாட்டுக் கொழுந்து மலைகள் நினைவுக்கு வந்தன. கூடுதலாய்ப் பறித்த கொழுந்து யாருடைய கூடைக்குப் போகிறது? கிலோவுக்குக் கூலி என்றால் அவளுக்கு. நாட்சம்பளம் என்றால் துரைக்கு. அடுத்த வருஷம் ‘எல்லாரும் இவ்வளவு பறிக்கிறார்கள்’ என்று நாளளவை உயர்த்தினால், கண்ணாடி அவளுக்கே எதிரியாகிவிடும். கண்ணாடி கொடுக்கவேண்டாம் என்பது இதன் பொருளன்று. அவள் கண் அவளுக்கு உரியது. கொழுந்து பறிப்பதற்காக மாத்திரம் படைக்கப்பட்டதன்று. சம்பளச் சிட்டையைப் படிக்கவும், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கவும், அந்தியில் ஒரு கதைப் புத்தகத்தைத் திறக்கவும் அது வேண்டும். அவற்றை அளந்து நூற்று வீதம் எழுதிய ஆய்வு எதையும் நான் படித்ததில்லை.

வியாபாரத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. மிலானோவில் அநாதை விடுதியில் வளர்ந்த லியனார்தோ தெல் வெக்கியோ என்பவர் 1961இல் இத்தாலிய மலைச் சிற்றூர் ஒன்றில் சிறு பட்டறையாக லக்ஸோட்டிகாவைத் தொடங்கினார். 2018இல் அது பிரான்சின் எஸிலோர் கம்பனியோடு இணைந்து, பிரேமும் வில்லையும் கடையும் ஒரே கையிலுள்ள உலகப் பெருங் கம்பனியாயிற்று. பட்டணத்துக் கண்ணாடிக் கடையில் பல பெயர்களோடு பளபளக்கும் பிரேம்களிற் பல ஒரே வீட்டுப் பிள்ளைகள். விலைச் சீட்டில் நாம் கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பெயருக்கு. வாசிப்பு வில்லையின் அடக்க விலை வெகு சொற்பம். 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் ஏறத்தாழ 200இலிருந்து 360க்குப் போனபோது, இறக்குமதிப் பண்டமான கண்ணாடியும் ஏறிற்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மீனவன் கண்ணாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. உடைந்த கையை நூலால் கட்டிக்கொண்டான்.

எங்கள் ஊர் வாசிகசாலையிலே இப்போது ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறோம். பத்திரிகை மேசையில் ஒரு தகரப் பெட்டி. அதில் 1 முதல் 3 வரை அரை அரையாக ஐந்து கண்ணாடிகள், மண்ணிறமும் நீலமும் கலந்து, நூலிற் கட்டியவை. வருபவர்கள் தம் வேலையை விரித்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எண்ணைத் துண்டில் குறித்துக்கொண்டு சந்தைக்குப் போகலாம். ஆசிரியர் சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. ஒரு கண்ணாடியும் பெட்டியும் சேர்ந்த பெறுமதி ஒரு நாட்கூலிக்குள் அடங்கும். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் பிற்பகலில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கண் மங்கலென்று சொல்பவரையும், நீரிழிவுக்காரரையும், கண்ணாடியே வேண்டாம் என்று திடீரென்று மகிழ்பவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். பத்திரிகை படிக்க வருபவர்களைவிட வலையோடு வருபவர்களே அதிகம். தரையெல்லாம் மணலும் மீன் செதிலும். வாசிகசாலைக்காரர் முதலில் முணுமுணுத்தார். இப்போது அவரும் 1.50 போட்டிருக்கிறார்.

மற்றவை இருந்தபடியே இருக்கின்றன. 2ஆம் எண் கண்ணாடி மாத்திரம் மாதமொருமுறை நூலோடு காணாமற்போகிறது. நீலப் பிரேமாயிருந்தால் இன்னும் விரைவாக. இந்த மாதமும் ஒன்று வாங்கவேண்டும்.